தெரிந்து போட்ட டிக்

நான் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் ஒருவர் இருக்க வேண்டும், அந்த இடம் காலியாக இருக்கிறது, நான் வர முடியுமா என்று கேட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதுதான் மரியாதை என்று என் கணவர் பிறகு சொன்னார். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் தலைமை ஆசிரியை. கணவரின் ஊர் மலையாள மண்ணிலேயே, எல்லையோர மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தோம். தேயிலையும் குளிரும் போய் தென்னையும் மாடும் காற்றும் வந்தன. நான் வாயைத் திறந்தாலே, "மலைப்பக்கமுங்களா?" என்று கேட்பார்கள்.

குழுக்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு குழுவை யாரும் கேள்வி கேட்காதபடி எப்படி நடத்துவது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். டீயும் பருப்பு வடையும் வந்துசேரும் நேரத்தைச் சரியாகத் திட்டமிட்டால் போதும், எந்தத் தீர்மானமும் நிறைவேறிவிடும். நானே அப்படி எத்தனையோ கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் நடப்பது எல்லாமே எனக்குத் தெரிந்தது.

முதல் கூட்டம் மாலை மூன்றரை மணிக்கு. பன்னிரண்டு நாற்காலியில் ஐந்துதான் நிறைந்தது. அம்மாக்கள் ஒருவர்கூட இல்லை.

"ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொடுத்தயச்சா அவங்க ஒப்பு போட்டுத் தருவாங்க டீச்சரே. அது ப்ரச்னம் ஒண்ணும் இல்ல" என்றார் தலைமை ஆசிரியர். அவர் மலையாளி. இங்கே பக்கத்தில் இருக்கும் சித்தூர்க்காரர் என்பதால் தமிழும் வரும். நல்ல மனிதர், நேரத்துக்கு வருபவர்.

"மூன்றரைக்குப் பால் சொசைட்டி திறக்கும் சார். அந்த நேரத்துல கூட்டம் வச்சா யார் வருவா? மத்தியானம் பன்னிரண்டரைக்கு வைங்க" என்றேன்.

"அது பிள்ளைகள் சாப்பிடற நேரம்."

"நல்லதுதானே. அவங்க அம்மாமார் அதையும் பார்க்கட்டும்."

அடுத்த கூட்டத்துக்கு நான்கு அம்மாக்கள் வந்தார்கள். அதில் ஒருவர் நல்ல உயரம். வீட்டில் ஆறு மாடுகள். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, யார் பேசினாலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கூட்டத்தில்தான் வாயைத் திறந்தார். மலையாளத்தில் எழுதியிருந்த தீர்மானத்தைத் தலைமை ஆசிரியர் படித்து முடித்ததும், "ஏனுங்க சார், அதத் தமிழ்ல ஒருக்கா சொல்லிப்போடுங்க. நாங்க கையெழுத்துப் போடறது எதுக்குன்னு தெரியோணுமல்லங்க" என்றார். அன்றிலிருந்து தீர்மானங்களை இரண்டு மொழியிலும் படிக்கும் வழக்கம் வந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் எனக்கு மலையாளம் தெரியும் என்பதால் தோன்றவே இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. எங்கள் பள்ளியில் தமிழ் வழி, மலையாள வழி இரண்டும் உண்டு. பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர்கள் என்பதை முடிவு செய்வார்கள். மூன்றாம் நாள் அவசரக் கூட்டம் என்று எங்களை அழைத்தார் தலைமை ஆசிரியர்.

"ஒண்ணாம் கிளாசுல பதினஞ்சு பேர் சேர்ந்திருக்காங்க. அதுல நாலு பேர்தான் தமிழ் கேட்டிருக்காங்க. பாக்கி எல்லாம் மலையாளம். இப்படிப் போனா தமிழ் டிவிஷன் நிக்காது. ரக்ஷிதாக்கள் விருப்பம், அப்பா அம்மா கேட்டா நம்ம என்ன செய்ய முடியும்?"

எனக்கு நம்ப முடியவில்லை. அந்தப் பதினைந்து வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். உயரமான அம்மாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படி யாருங்க சொன்னது?"

தலைமை ஆசிரியர் சேர்க்கைத் தாள்களின் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜன்னல் வழியே அடித்த காற்றில் மேல் தாள் பறக்கப் பார்த்தது. நான் கையால் அழுத்திக்கொண்டு படித்தேன். எல்லாம் மலையாளத்தில் அச்சிட்டவை. ஏழாவது வரியில் 'போதன மாத்யமம்' என்று ஒரு கேள்வி. எதிரே இரண்டு கட்டங்கள். பதினொரு தாளில் முதல் கட்டத்தில் டிக் இருந்தது. அது மலையாளம்.

என் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாவின் மகளும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவளுடைய தாளை எடுத்துக் காட்டி, "இந்த டிக் எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு, "சேக்க வந்தப்ப மாத்தியமம்னு படிச்சாங்க டீச்சர். மத்தியானச் சோத்துக்கு எழுதி வாங்கறாங்கன்னு நெனச்சு மொதக் கட்டத்துல போட்டுட்டனுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். தலைமை ஆசிரியரும் சிரித்தார். ஆனால் பாட மொழி என்று இரண்டு சொல்லில் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும். எனக்கு ஏலப்பாறை ஞாபகம் வந்தது. என் பள்ளியிலும் மலையாளத்தில் அச்சிட்ட தாள்கள் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கின்றன. கையெழுத்தோடு திரும்பி வந்தன. படித்துப் புரிந்ததா என்று நான் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை.

"சார், மறுபடி கேட்டு வாங்குவோம்" என்றேன்.

"சைட்ல ஏத்தியாச்சல்லோ டீச்சரே. இனி எப்படி மாத்தும்?"

"ஆறாம் நாள் வரைக்கும் திருத்தலாம் சார். நானும் ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்தவதான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெற்றுத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். 'உங்கள் பிள்ளை எந்த மொழியில் பாடம் படிக்க வேண்டும்?' என்று தமிழில் எழுதி, அதன் கீழே மலையாளம், தமிழ் என்று இரண்டு கட்டம் போட்டேன். நகல் எடுத்துக்கொடுத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் உயரமான அம்மாவும் வீடு வீடாகப் போனோம். காலைப் பால் ஊற்றிவிட்டு அவர் வருவார். மாலைக் கறவைக்கு முன்னால் திரும்பிவிடுவார். எந்த வீட்டிலும் நாம் தமிழுக்காகப் பேச வேண்டாம், கேள்வியைப் புரியவைப்பது மட்டும்தான் என்று முதல் வீட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் கசந்தது. நான் பேசத் தயாராக வந்திருந்தேன். ஆனால் ஒப்புக்கொண்டேன். ஒரு வீட்டில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அப்பா தாளைப் படித்துவிட்டு, "இத மொதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமுல்லங்க?" என்றார். அவர் தமிழில் டிக் போட்டார். அப்படி எட்டுப் பேர் மாற்றினார்கள். இரண்டு பேர், இல்லை, மலையாளமே இருக்கட்டும் என்றார்கள்.

ஞாயிறு மதியம் மிஞ்சியிருந்தது உயரமான அம்மாவின் வீடு மட்டும்தான். அவர் மகனும் ஒன்றாம் வகுப்பு. மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொண்டே தாளை வாங்கி, மலையாளம் என்று எழுதியிருந்த கட்டத்தில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டம் மாறிவிட்டது என்று நினைத்து, "கீழே இருக்கறதும்மா தமிழ்" என்றேன்.

"தெரியுமுங்க டீச்சர். நான் மொதல்லயும் தெரிஞ்சுதானுங்க போட்டேன்."

இரண்டு நாளாக என்னோடு வெயிலில் நடந்தவர். தமிழ்ப் பிரிவு போய்விடக் கூடாது என்று அவரும் நினைக்கிறார் என்றே நான் நம்பியிருந்தேன்.

"அப்புறம் ஏம்மா என்கூட வந்தீங்க?"

"அவீங்க தெரியாம போட்டாங்கல்லங்க, அதுக்குத்தான்." மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "நான் பத்தாவது வரைக்கும் தமிழ்லதானுங்க படிச்சேன். பஞ்சாயத்து ஆபீசுல மலையாளத்துல ஒரு பேப்பரு குடுத்தா, இன்னொருத்தருகிட்ட நீட்டி, இதுல என்னங்க எழுதியிருக்குதுன்னு கேக்கறேன். பத்து வருஷமா கேக்கறேன். எம்பையன் கேக்க வேண்டாமுங்க. தமிழு ஊட்ல பேசிக்குவான்."

பேசுவது வேறு, படிப்பது வேறு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் மனம் அதிலேயே இருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது மரியாதை. அதை ஒப்புக்கொள்ள மாலை வரை ஆயிற்று.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் கம்ப்யூட்டரில் திருத்தினார். தமிழில் பன்னிரண்டு, மலையாளத்தில் மூன்று. தமிழ்ப் பிரிவு நின்றது. அடுத்த கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சரியாகச் சொல்லித்தர வேண்டும், மலையாள வழிப் பிள்ளைகளுக்கு அதேபோலத் தமிழ். இரண்டு ஆசிரியைகளும் வாரத்தில் இரண்டு நாள் கடைசி மணியில் வகுப்பு மாறிக்கொள்ளலாம் என்றேன். தலைமை ஆசிரியர் சம்மதித்தார். உயரமான அம்மா மட்டும் கை தூக்கவில்லை.

"கடேசி மணியில புள்ளைக தூங்கி உழுகுமுங்க டீச்சர். மொத மணியில வைங்க."

முதல் மணியில் வைத்தோம்.

குழு உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அவர் எந்தக் கட்டத்தில் போடுகிறார் என்பது என் வேலை இல்லை. தலைமை ஆசிரியையாக இருந்தபோது இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

இந்த வருடம் சேர்க்கைத் தாள் இரண்டு மொழியில் வந்தது. உயரமான அம்மாதான் இப்போது குழுத் தலைவர். சென்ற கூட்டத்தில் ஆண்டு விழாவை ஜனவரியில் வைக்கலாம் என்று நான் சொன்னதை, பொங்கல் வேலையில் யாரும் வர மாட்டார்கள் என்று தள்ளிவிட்டார். ஓட்டெடுப்பில் எனக்குக் கிடைத்தது என் ஓட்டு மட்டும்தான்.