பொட்டு வைத்த இடம்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடம். கிளேட்டனில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், அளவெடுக்கும் அறைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. வெளியே வந்து என் பெட்டகத்தைத் திறந்தபோது அது அதிர்ந்துகொண்டிருந்தது. கௌசல்யாவின் பட்டறை முதலாளி. வேலை மேசையில் சாய்ந்துவிட்டாள், அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது, ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் சொன்னார்கள் என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் என் பெயரை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

கௌசல்யா என் மனைவி. வயது முப்பது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவளுடைய மாமா கேட்டிருக்கிறார். பிறந்த ஊரும் இன்னாரின் மகள், இன்னாரின் பேத்தி என்பதும் வேறு பக்கத்தில் வருகிறது. அவள் என்ன வேலை செய்தாள் என்பது உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. எனக்கு எழுதத் தெரிந்ததும் அது மட்டும்தான்.

டண்டினொங்கில் துவக்குத் திருத்தும் பட்டறை ஒன்றில் அவள் ஆறு வருடம் இருந்தாள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றுவார்கள். அவளுடைய அம்மா, என் மாமி, மாற்றமாட்டார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில இரண்டு வருசம் அடைபட்டுக் கிடந்து, கடைசியில என்ர பிள்ளை துவக்கை மடியில வைச்சுத் துடைக்குது" என்பார்.

"வெடிக்கக் கூடாத இடத்தில வெடிக்காமப் பாக்கிறதுதான் அம்மா என்ர வேலை."

"அப்ப வெடிக்காத வேலை ஒண்டுக்குப் போயிருக்கலாமே."

"அதுக்குச் சம்பளமும் வெடிக்காது."

பழுதான இடத்தைப் பேனையால் குறித்தால் எண்ணெயில் அழிந்துபோகும். அதனால் அவள் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு சின்னக் கறுப்பு ஒட்டுப் பொட்டை ஒட்டிவிடுவாள். பொட்டு இருக்கும் துவக்கை அவளைக் கேட்காமல் யாரும் தொடுவதில்லை என்பது அந்தப் பட்டறையில் எழுதாத சட்டம். பொட்டு அட்டைகளை அவள் மொத்தமாக வாங்குவாள். தமிழ்க் கடை அன்ரி ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, உனக்கு எத்தினை நெத்தி?"

கடைசியாக அவளிடம் வந்தது ஒரு மலிவான செமி ஒட்டோ துவக்கு. ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். இந்த நாட்டில் பண்ணைக்காரர் போன்ற சிலருக்குத்தான் அதற்கு அனுமதி. கிப்ஸ்லாந்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருடையது. குழலின் வாய்க்குள் சோக் என்று ஒரு சிறு உருளையைத் திருகிப் பூட்டுவார்கள். சன்னங்கள் பரவாமல் அது ஒடுக்கி அனுப்பும். அவர் மிக ஒடுக்கமான சோக்கைப் போட்டு ஈயம் போல நசியாத உருக்குச் சன்னங்களைச் சுட்டிருக்கிறார். சோக் இறுகிப்போய்க் கழற்ற முடியவில்லை, சுடும்போது குறியும் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கொண்டுவந்தார்.

எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, கௌசி அதைக் கழற்றினாள். விளிம்பு நசிந்திருந்தது. புது சோக் போட்டால் சரி என்றார்கள் எல்லோரும். அவள் குழலை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக உருட்டியபடி உள்ளே பார்த்தாள். வாய்க்குக் கொஞ்சம் கீழே, பிறை போல ஒரு நிழல். முழு வளையம் இல்லை, ஒரு பக்கம் மட்டும். அதற்கு நேரே குழலின் வெளிப்பக்கத்தில் பொட்டை ஒட்டினாள்.

பண்ணைக்காரருக்குச் சொல்ல முதலாளிக்குக் குழலின் உள்ளளவு எண்ணாக வேண்டியிருந்தது. உன் மனிசன் அளவுக்காரன்தானே, கூப்பிடு என்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கருவியோடு போனேன். மேல்கீழாக ஒரு தரம், இடம்வலமாக ஒரு தரம் அளந்து, சராசரி எடுத்தேன். நாங்கள் ஆய்வுகூடத்தில் செய்வது போலவே. ஒரு தாளில் "அளவுக்குள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி அதைப் படம் எடுத்துப் பண்ணைக்காரருக்கு அனுப்பினார்.

கௌசி தாளைப் பார்த்தாள். "நீங்கள் வைக்கிற இடத்தைத்தானப்பா உங்கட கருவி பாக்கும். சராசரி எடுத்தா வீக்கம் ஒளிச்சிடும்."

"எண் சரியா இருக்கு, கௌசி."

"எண் சரிதான். குழல் சரியில்லை. திங்கள் லீவு. செவ்வாய்க்கிழமை வடிவாப் பாத்து நான் எழுதுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் துவக்கைக் குடுக்கக் கூடாது."

சனிக்கிழமை, குனிந்தால் இடது கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். நான் பிரஷர் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. காய்ச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். அதே அளவுதான்.

"எல்லாம் நோர்மல். பனடோல் போட்டுட்டுப் படுத்திரும். புதன்கிழமை டொக்டரிட்டப் போவம்."

"நோர்மல்தான். ஆனா இது வேற மாதிரிக் கிடக்கப்பா."

இரண்டு நாளின் எண்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, ஒரு பக்கமாக வீங்கி, உடைந்துவிட்டது என்றார் டொக்டர். எனக்கு விளங்கட்டும் என்று படம் வரைந்து காட்டினார். படம் தேவைப்படவில்லை.

செத்தவீடு முடிந்து பன்னிரண்டாம் நாள் பட்டறை முதலாளி கைபேசியில் அழைத்தார். இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினார். பண்ணைக்காரர் துவக்கைக் கேட்டு நிற்கிறார். சனிக்கிழமை அவருடைய மகள் அதை எடுத்துக்கொண்டு நரி சுடப் போகவேண்டுமாம். கௌசி அறிக்கை எழுதவில்லை. மேசையில் இருப்பது பொட்டு. பண்ணைக்காரர் கையில் இருப்பது என் தாள். எதைக் கேட்பது என்று முதலாளி கேட்டார்.

போனேன். குழல் அவள் வைத்தபடியே கிடந்தது. அவளுடைய கதிரையில் யாரும் இருக்கவில்லை. நானும் நின்றுகொண்டே அளந்தேன். மேல்கீழ் சரி. இடம்வலம் சரி. பிறகு கருவியைத் திருப்பி, அதன் முனையைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தேன். மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. தொழிற்சாலையில் சோக்குக்கான மரை நடுவிலிருந்து விலகி வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் சுவர் ஒரு பக்கம் மெலிவு. அந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது. மூலைவாட்டில். நான் இரு தரமும் வைக்காத இடத்தில்.

முதலாளி பண்ணைக்காரரை எடுத்துக் கைபேசியை என்னிடம் தந்தார். ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"குழலைச் சுடக்கூடாது. புதுக் குழல் போடவேண்டும்" என்றேன்.

"நீதானே அளவுக்குள் உள்ளது என்று எழுதியிருக்கிறாய்? உன் கையெழுத்து என் முன்னால் இருக்கிறது."

"ஓம், என் கையெழுத்துத்தான்."

"அப்போது சரி, இப்போது பிழையா? கிழமைக்கு ஒரு கதையா சொல்கிறீர்கள்?"

"நான் பிழையாக அளந்தேன். என் மனைவி சரியாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை."

அதற்கு முன் இதை ஒருவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. மாமியிடம்கூட. பிறகு அவர், மகளுக்குப் பதினெட்டு வயது, இடக்கையால் குழலின் முன்பக்கத்தைத்தான் பிடிப்பாள் என்றார். சரி, நீங்களே வைத்திருங்கள் என்றார்.

என் பழைய தாளை ரத்துச் செய்து புதிதாக ஒன்று எழுதினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். இனி யாரும் சுடாதபடி குழலை வெட்டும்போது முதலாளி பொட்டைக் கழற்றவில்லை.

அவளுடைய கருவிப் பெட்டியில் இருந்த பொட்டு அட்டை என்னிடம் இருக்கிறது. இன்னும் ஏழு பொட்டு மிச்சம். குளிர்சாதனப் பெட்டித் தாளை நான் எடுக்கவில்லை. வேறு ஒன்றும் என்னிடம் உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கும் ஐம்பத்து நான்குக்கும் அவள் என்னை எடுத்திருக்கிறாள். நான் அளவெடுக்கும் அறைக்குள் இருந்தேன். அந்த இரண்டு அழைப்புகளும் கைபேசியில் சிவப்பாக இருக்கின்றன.

நீங்கள் எல்லோரும் அன்பாக அழைப்பு எடுக்கிறீர்கள். பிரஷர் ஒன்றும் இல்லையாமே, எப்படி நடந்தது என்று கேட்கிறீர்கள். எப்படி நடந்தது என்று இங்கே எழுதிவிட்டேன். ஒவ்வொரு புது அழைப்பும் பட்டியலில் அவளுடைய பெயரை ஒரு வரி கீழே தள்ளுகிறது. இப்போதே விரலால் நெடுக இழுத்துத்தான் தேடவேண்டியிருக்கிறது. அதனால் கைபேசியை அணைத்துவிட்டேன்.