கிழக்குக்கு எந்த எழுத்து

என் அண்ணனோடு பத்து நிமிடம் வேலை பார்த்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால், அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். இருபத்திரண்டு வருஷம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவர். பட்டறை மூடியதும் மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணி சாடை பேச ஆரம்பித்த பிறகு, நான்தான் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எங்கள் நெட்வொர்க் கம்பெனியில் சேர்த்துவிட்டேன்.

அன்று அவருடைய சோதனை மாதத்தின் கடைசி நாள். ஓர் ஆஸ்பத்திரியின் தலைமைக் கட்டடத்துக்கும் கிழக்குக் கிளைக்கும் லைன் போட்டிருந்தோம். தலைமைக் கட்டடத்து நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி முன்னால் நான், கிளையில் அவர். லைன் அறுந்தால் உடனே தெரிவதற்குக் கண்காணிப்பு வைக்க வேண்டும். இரண்டு சுவிட்சும் நொடிக்கொரு தடவை ‘நான் இருக்கேன்’ என்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சேதி தப்பினால் அலாரம். இரண்டிலும் ஒரே லெவல் எண், ஒரே பெயர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. “நாலு மணிக்குள்ள முடியலைன்னா, உங்க அண்ணனை நாளைலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றிருந்தார் மேனேஜர்.

மணி மூன்றரை. அலாரம் ஓயவில்லை. ஃபோனில் கத்தினேன்.

“லெவல் அஞ்சுதானே போட்டீங்க?”

“அஞ்சுதாம்மா.”

“பேரு?”

“கிழக்கு.”

“நானும் அதேதானே போட்டிருக்கேன்! அப்புறம் எதுக்கு இது கத்துது? கேபிளைக் கழட்டி மாட்டுங்க.”

“மூணு தடவை மாட்டிட்டேன்.”

“நாலாவது தடவையும் மாட்டுங்க! என் உயிரை வாங்காதீங்கண்ணா.”

மாட்டினார், அதையும் நிதானமாக. எனக்கு ஃபோனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. இந்த மனுஷனுக்காகப் போய் எல்லாரிடமும் பல்லைக் காட்டினேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்றே முக்காலுக்குத்தான், திரையில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த அலாரச் செய்தியை முதல் வரியிலிருந்து வாசித்தேன். சேதி வருகிறது, பெயர் பொருந்தவில்லை என்றிருந்தது. காலையிலிருந்து அதேதான் இருந்திருக்கிறது. நான் சிவப்பைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணா, கிழக்கை இங்கிலீஷ்ல எப்படி அடிச்சீங்க? எழுத்து எழுத்தாச் சொல்லுங்க.”

“கே, ஐ, இசட், எச்... வொர்க் ஆர்டர்ல அப்படித்தானே இருந்துச்சு?”

வொர்க் ஆர்டரைப் புரட்டினேன். ழகரத்துக்கு இசட் எச்தான். என் திரையில் எல். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ழ வாயில் நுழையாது. விரலும் வாய் போன வழியே போயிருக்கிறது. திருத்தினேன். அலாரம் நின்றது.

நாலுக்கு மேனேஜர் கூப்பிட்டார். “காலைலேர்ந்து அலாரமாமே, சொதப்பிட்டாரா உங்க அண்ணன்?”

ஆமாம் என்று சொன்னால் என் மானம் தப்பும். ஒரு நொடி யோசித்தேன், வெட்கக்கேடு.

“அவர் சரியாத்தான் போட்டார் சார். பேரைத் தப்பா அடிச்சது நான்.”

பிடிபிடியென்று பிடித்தார். மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில், “சரி, அவர் வரட்டும்” என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். “தப்பு என்னோடதுண்ணா. காலைலேர்ந்து உங்களை வறுத்தெடுத்துட்டேன்.”

“அது கிடக்குது விடு.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்ப நாளைக்கு நான் வரலாமாம்மா?”