சதுப்பில் கிள்ளிய கொழுந்து

எண்பத்தாறாம் ஆண்டு நானும் மனைவியும் ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்தோம். எண்பத்து மூன்று வரை நான் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ரீமேக்கர், கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலைக்குப் பொறுப்பானவன். இங்கே கதவுக் கைப்பிடி செய்யும் ஃபக்டரியில் வேலை. ஆனாலும் யார் வீட்டில் தேநீர் குடித்தாலும் ஒரு குறை சொல்லாமல் கோப்பையைக் கீழே வைக்கமாட்டேன். அந்தத் தலைக்கனம் மட்டும் கடல் தாண்டியும் கூடவே வந்திருந்தது.

அந்தக் கோடையில் மனைவிக்கு விடாத இருமல். மருந்துக்கும் அது மசியவில்லை. என்னோடு வேலை செய்த முதியவர் ஒருவர் ஒன்ராறியோவின் வடக்கில் பிறந்தவர். தங்கள் ஊரில் இருமலுக்கு லாப்ரடோர் ரீ என்ற செடியின் இலையை அவித்துக் குடிப்பார்கள் என்றார். பனிக்காலத்திலும் இலை உதிர்க்காத சதுப்புநிலச் செடியாம். ஜூலையில் ஒரு ஞாயிறு தன் காரில் என்னை வடக்கே கூட்டிப் போனார்.

நாங்கள் சதுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பூக்காலம் முடிந்திருந்தது.

"பூ இருந்தால் கேள்வியே இல்லை. இதற்கு வெள்ளைக் கொத்து. இதே சதுப்பில் இதைப்போலவே நிற்கும் நஞ்சுச் செடிக்கு ரோசா நிறம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஒரு முற்றல் இலையைத் திருப்பிக் காட்டினார். ஓரம் உள்ளே சுருண்டு, அடியில் துருப்பிடித்த நிறத்தில் கம்பளிபோல் அடர்ந்த சுணை. முற்றிய இலையை மட்டும் பறிக்கச் சொல்லிவிட்டு, கால் வலியென்று காருக்குத் திரும்பினார்.

முற்றலா? கொழுந்துக் கூடையில் முற்றலைக் கண்டால் திருப்பி அனுப்பிய ஆள் நான். கை தானாகவே நுனிக்குப் போனது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிப் பையை நிரப்பினேன். சில செடிகளில் அந்த இரண்டு இலையும் எதிரெதிரே சோடியாக, அவ்வளவு நேர்த்தியாக இருந்தன. அவற்றைத் தேடித்தேடிக் கிள்ளினேன்.

வீட்டுக்கு வந்து, சதுப்பில் கேட்டதையெல்லாம் மனைவிக்கு அளந்தபடியே இலையை அவித்தேன். முதல் கோப்பையை அவளிடம் நீட்டினேன். அவள் குடிக்காமல் பையிலிருந்து ஓர் இலையை எடுத்துத் திருப்பினாள்.

"இஞ்சருங்கோ, அடியில துரு நிறம் எண்டெல்லோ சொன்னனீங்கள்? இது வெள்ளையாக் கிடக்கு."

"எனக்கே தேயிலை படிப்பிக்கிறீரோ? கொழுந்து அப்பிடித்தான் இருக்கும்!"

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வர, அவ்வளவையும் சிங்கில் ஊற்றினேன்.

திங்கட்கிழமை பையை முதியவரிடம் கொண்டுபோனேன். அவள் சொன்னது பிழை என்று அவர் வாயால் கேட்பதற்காகத்தான். இளம் இலையில் துரு நிறம் ஏறியிருக்காது, அதனால்தான் முற்றலைப் பறிக்கச் சொன்னேன் என்றார் அவர். பிறகு சோடி இலைக் கொழுந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினார். பையில் பாதி அதுதான். இலை எதிரெதிரே சோடியாக வருவது நஞ்சுச் செடியில்தானாம். நான் தேடித்தேடிக் கிள்ளியவை.

மாலையில் அவளிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் ஏசவில்லை. இருமி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்கள் இன்னொருக்காக் கத்தியிருந்தால், நான் குடிச்சிருப்பன்."