ஓவியரின் மகளுக்குக் காய்ச்சல்

பலெர்மோவில் அம்மா வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். விக்டோரியா மகாராணி காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஓர் ஆங்கில ஓவியரின் வாழ்க்கை. எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற அம்மாதான் வாய்த்தார். அம்மாவின் இத்தாலியன் சவர்க்காரத்தோடும் கூட்டுகிற தும்புத்தடியோடும் முடிந்துவிடும். ஆகவே, பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒன்பது வயதான நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

சப்பாத்துத் தைப்பவரின் மகன் சுவரில் கரியால் படம் கீறியது, லண்டனில் பட்டினி கிடந்தது, கடைசியில் மகாராணியே கூப்பிட்டுப் படம் வரையச் சொன்னது எல்லாவற்றையும் இரண்டு வசனத்தில் முடித்தேன். அம்மா மினுக்குவதை நிறுத்தவில்லை. ஓவியரின் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல், வெயில் படட்டும் என்று பலெர்மோவுக்குக் கொண்டுவந்தார் என்றதும் நிறுத்தினார்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ? கேட்டுச் சொல்லு."

அது அடுத்த வாரம்தான் என்றார் சிஞ்ஞோரா. அதற்குள் அம்மா, காய்ச்சல் விட்டால் வெறுங்காலோடு ஏறி வருவதாக, பலெர்மோ மலைக்கோயில் புனிதைக்கு நேர்த்தி வைத்துவிட்டார். நூற்றைம்பது வருடத்துக் காய்ச்சலுக்கா என்று அப்பா சிரித்தார்.

"கதை இன்னும் முடியேல்லைதானே," என்றார் அம்மா.

எங்கள் சாமித்தட்டில் என் அக்காவின் படம் இருந்தது. நான் பிறக்குமுன், வன்னியில் இடம்பெயர்ந்து கிடந்தபோது மருந்தில்லாமல் காய்ச்சலில் போனவர். அவருக்கும் ஆறு வயது.

அடுத்த வாரம் சிஞ்ஞோரா வாசித்தார். பிள்ளை செத்துப்போனாள். ஓவியர் மூன்று வருடம் தூரிகையைத் தொடவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல் விட்டிட்டுது அம்மா. இப்ப ஓடித் திரியிறாளாம்."

சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு மலை ஏறினோம். பொய்க்கு மெழுகுதிரி கொளுத்தினால் புனிதை என்ன செய்வாரோ என்று யோசித்தபடி நான் பின்னால் நடந்தேன். அம்மாவோ வழி முழுக்கப் பாட்டு முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றுதான்.

அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று நெடுங்காலம் மனதுக்குள் குறுகுறுத்தது. போன வருடம் மினுக்கிக்கொண்டு நின்றவரிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும். சிஞ்ஞோரா அழுததைக் கண்டனான்."

"பிறகேன் மலை ஏறினீங்கள்?"

அம்மா சட்டையின் கையை மெல்ல நீவிவிட்டார்.

"காய்ச்சல் விட்டிட்டுது எண்டு முந்தி ஒருத்தரும் எனக்கு வந்து சொன்னதில்லை, பிள்ளை."