ஓம்ப்ரெத்தாவும் எதிர்வாசல் வங்கியும்

இத்தாலியில், பார்மா நகருக்கு மேலே எங்கள் மலையூரில் சேமிப்பு வங்கி என்றால் ஓம்ப்ரெத்தாதான். உரத்த குரல், உயரமான குதிகால் செருப்பு. சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் விவசாயிகள் வங்கி. அதற்கு மேலாளர் எர்மெஸ். இவள் ஒருவருக்குக் கடன் பேசினால், அவர் வட்டியைக் கொஞ்சம் குறைத்து அந்த ஆளைத் தன் பக்கம் இழுப்பார். அவர் சைக்கிள் பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தால், இவள் பந்தயம் முடிந்ததும் ஊருக்கே விருந்து வைப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் இதே கூத்து.

ஒரு வசந்த காலத்தில் மிலானிலிருந்த பெரிய வங்கி ஒன்று இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டது. மறுநாள் காலை காப்பிக்கடையில் எர்மெஸ் முதல்முறையாக அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப யார் யாரை முழுங்கினது, மேடம்?"

"ரெண்டு பேரையும் மிலான்காரன் முழுங்கிட்டான். இன்னும் செரிக்கலை, அவ்வளவுதான்."

செரித்தபோது எர்மெஸின் கிளை மூடப்பட்டது. அவர் ஓம்ப்ரெத்தாவின் கிளையில் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார்.

முதல் நாள், அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் சதுக்கத்தில் கூடி நின்றார்களே தவிர, யாரும் உள்ளே வரவில்லை. முன்னால் நின்றவள் பாலாடைக்கட்டி செய்யும் தீர்ச்சே. ஓம்ப்ரெத்தா வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்கக்கா. கடிக்க மாட்டேன்."

"மாட்டுக்கொட்டகை கட்டக் கடன் கேட்டப்போ, 'தனியா இருக்கிற பொம்பளை எப்படிச் சமாளிப்பே'ன்னு கேட்டவதானே நீ? எர்மெஸ்தான் குடுத்தான். அவனைப் போய் டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரி உக்கார வெச்சிருக்கே!"

ஓம்ப்ரெத்தாவின் முகம் சிவந்தது. அன்றைக்கு அவள் அப்படிக் கேட்டது உண்மைதான். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"எர்மெஸ், எழுந்திருங்க. என் ரூம்ல போய் உக்காருங்க."

"அது உங்க ரூமாச்சே?"

"ஜன்னல் பக்கமா உக்காருங்க. வெளிய தெரியட்டும்."

கவுண்டரில் அவளே உட்கார்ந்தாள். முதலில் தீர்ச்சே வந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்து, "இந்த நாற்காலி உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மேலாளர் ஏன் கவுண்டரில் இருக்கிறார் என்று மிலான் தொலைபேசியில் கேட்டது. "ஜனங்க இங்கதானே வர்றாங்க" என்றாள்.

சில வருஷங்களில் மிலான் வங்கியையே பாரிஸ்காரர்கள் வாங்கினார்கள். இனி கிளைக்கு ஒருவர் போதும் என்றார்கள். அவளைத்தான் இருக்கச் சொன்னார்கள். அவளோ முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள்.

எர்மெஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா விட்டுக் குடுத்தீங்க?"

"ஆசையைப் பாரு! எனக்குக் காலையில சீக்கிரம் எழுந்திருக்கவே பிடிக்கலை. சார்தீனியா தீவுக் கடற்கரையில போய்க் கிடக்கப் போறேன்."

சொன்னபடியே கிடந்தாள். கறுத்துப்போய்த் திரும்பி வந்தவள், தன் பணம் முழுவதையும் இப்போது எர்மெஸ் பார்க்கும் கிளையிலிருந்து எடுத்து அஞ்சலகத்தில் போட்டாள். அங்கே வட்டி கொஞ்சம் அதிகமாம். எர்மெஸ் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.