குடும்பப் படத்தில் மெலிஸ்

எங்கள் மலையூர் அத்பாஷியில், எங்கள் தெருவில் ஆண்கள் இல்லாத வீடுகள்தான் அதிகம். பெரும்பாலோர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அதனால் கல்யாணப் படமோ தொட்டில் விருந்துப் படமோ, புருல்சாவின் கைக்குப் போய்விட்டுத்தான் சுவரில் ஏறும். அவள் பாலர் பள்ளியில் சமையல் செய்பவள். கண்ணாடி கீறிய ஒரு போன், அதில் ஆண்டுக்கு ஒரு கோழி விலைக்குக் கிடைத்த படம் திருத்தும் செயலி, அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. மாஸ்கோவில் நிற்கிற அப்பனை அப்படியே வெட்டியெடுத்து இங்கே தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பாள், முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவாள், குறைப்பாள். முடிக்கும்போது ஆள் அங்கேயே நின்றிருந்த மாதிரி இருக்கும். கூலி வாங்க மாட்டாள். பாலாடை கொண்டுபோனால் மறுக்க மாட்டாள்.

இதை அவள் கற்றுக்கொண்டது தனக்காகத்தான். கணவன் மெலிஸ் ரஷ்யாவின் சுர்குத்துக்கு வேலைக்குப் போன பிறகு வந்த முதல் புத்தாண்டில், தனக்கும் மாமியாருக்கும் நடுவில் அவனை உட்கார வைத்து அவனுக்கே அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அதற்குப் பிறகு அவள் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மாவிடம் பேசுவான். புருல்சா நன்றாக இருக்கிறாளா என்று அம்மாவையே கேட்டுவிட்டு வைத்துவிடுவான். குழந்தையும் இல்லை. சாயங்காலம் பள்ளி அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, மற்றவர்களுடைய கணவன்மாரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

மாமியார் துர்சுனுக்கு எழுபது வயது விருந்து வந்தது. மூன்று மகன்களில் ஒருவனாலும் வர முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று செய்து தருவதாகப் புருல்சா சொல்லி, நின்றபடி எடுத்த படம் ஆளுக்கொன்று கேட்டாள். தம்பிகள் இருவரும் உடனே அனுப்பினார்கள். மெலிஸின் படம் கடைசியில் வந்தது. கூடவே அவன் குரலும் வந்தது:

“என்கிட்ட தனியா எடுத்த படம் இல்ல. பக்கத்துல நிக்கறது கூட வேலை செய்யறவரோட சம்சாரம். அவங்கள எடுத்துட்டு என்னை மட்டும் போட்டுடு.”

புருல்சா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பருமனான பெண், அவளைவிட மூத்தவள், தலையில் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. மெலிஸின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அவன் சட்டைப் பை கிழிந்த இடத்தில் யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். கூட வேலை செய்பவனின் மனைவி அப்படிப் பிடித்துக்கொள்ள மாட்டாள்.

விரலால் தேய்த்தாள். சால்வை போனது, முகம் போனது, அந்த இடத்தில் பனியும் பலகை வேலியும் வந்து நிரம்பின. ஆனால் மெலிஸின் கையில் அந்தப் பெண்ணின் விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. தேய்த்தால் சட்டையும் சேர்ந்து கலங்கியது. திரும்பப் பழையபடி ஆக்கி, மறுபடி தேய்த்தாள். குளிரில் வெடித்துப்போன விரல்கள் அவை.

“அவர் முகத்தப் பார்க்கவே இல்ல. அந்தக் கையத்தான் பார்த்துட்டிருந்தேன்,” என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

விருந்தன்று படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினார்கள். நடுவில் துர்சுன், பின்னால் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு மூன்று மகன்கள், ஓரத்தில் மற்ற இரண்டு மருமகள்கள். வந்தவர்கள் எண்ணெயில் பொரித்த போர்சோக்கை மென்றுகொண்டே, இவனுங்க எப்போ வந்தானுங்க என்று கேலி பேசினார்கள். துர்சுன் ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்துவிட்டுப் புருல்சா பக்கம் திரும்பினார்.

“நீ எங்கடி கண்ணு?”

“படம் எடுத்தது நான்தானே, அம்மா.”

“அவனுங்ககூடத்தான் இங்க இல்ல. நிக்க வெச்சியே.”

புருல்சா தேநீர் கொண்டுவரப் போய்விட்டாள்.

மறுநாள் அவளே மெலிஸுக்கு போன் செய்தாள். நான் அவள் அடுப்படியில் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

“படம் நல்லா வந்திருக்கு. யாருக்கும் எதுவும் தெரியல,” என்றாள். அவன் ஏதோ ஆரம்பித்தான். “வேணாம், சொல்லாதீங்க. அந்தம்மாவுக்குக் கையெல்லாம் வெடிச்சிருக்கு. ஆட்டுக்கொழுப்பு பூசச் சொல்லுங்க.”

அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறான்.

“நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது,” என்று வைத்துவிட்டாள்.

அவன் அம்மாவிடம் சொல்வதற்குள் பனி உருகிவிட்டது. துர்சுன் அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் போனை எடுக்கவில்லை. நரினில் இருக்கும் உன் அண்ணன் வீட்டுக்குப் போ, வயசிருக்கு, வேறு வாழ்க்கை பார் என்று மருமகளிடம் அவரே சொன்னார். சொன்ன கையோடு அவளுடைய மேல்கோட்டை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியும்விட்டார். புருல்சா சிரித்துவிட்டாள். போகவில்லை.

போன வாரம் ஒரு படத்தோடு அவளைத் தேடிப் போனேன். அவள் தன் முகத்தையே திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளி முற்றத்தில் தானே எடுத்த படம், பின்னால் வெறும் ஊஞ்சல்கள்.

“யாருக்கு அனுப்பப் போறே?” என்றேன்.

“யாருக்கும் இல்ல. கொஞ்சம் இருட்டா இருந்துச்சு,” என்றாள். வெளிச்சத்தை இன்னும் சற்றுக் கூட்டிப் பார்த்துவிட்டு, என் படத்துக்காகக் கையை நீட்டினாள்.