ஒற்றை ஊசியில் ஜம்பர்

சிதம்பரத்தில் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டர் மிகப் பழையது. அதன் நெட்வொர்க் கார்டு செத்துப்போய், முடிவுகளை அனுப்ப வழியில்லாமல் பரிசோதனை இயந்திரமும் நின்றுவிட்டது. மண் பொட்டலங்களோடு விவசாயிகள் வாசலில் காத்திருந்தார்கள்.

சரிசெய்யக் கடலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மஞ்சக்குப்பத்துப் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்த கார்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும், கோயில் படியைத் தொடுவதுபோல, கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டார். உடம்பிலிருக்கும் மின்சாரம் கார்டைக் கெடுத்துவிடுமாம்.

மாட்டியும் இயந்திரம் அசையவில்லை.

"இதுவும், உள்ள ஏற்கெனவே இருக்குற மிஷினோட கார்டும் ஒரே நம்பருக்கு சண்ட போடுது" என்றார்.

அணைத்துவிட்டு, கார்டில் இரண்டு ஊசிகளைச் சேர்த்து மூடியிருந்த உளுந்தளவு கறுப்புத் தொப்பியைப் பிடுங்கினார். ஜம்பராம். அதை எடுத்தால் எண் மாறிவிடும்.

"குடுங்க மேடம், குப்பையில போட்டுடுறேன்."

அவர் தரவில்லை. ஒரே ஓர் ஊசியில் மட்டும் அதை மாட்டினார். அப்படி மாட்டினால் அது எதையும் இணைக்காது.

"பின்னால மாத்த வர்றவங்க தேடுவாங்கல்ல?"

"இந்த மிஷினையே சீக்கிரம் தூக்கிடுவாங்க. யாரு வரப்போறா?"

திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "போன மாசம் ஒரு எடத்துல எனக்கு இதே மாரி ஒண்ணு கெடச்சுது. வச்சவங்களுக்கு நான் வருவேன்னு தெரியுமா சார்?"

இயந்திரம் ஓடியது. அவர் பேருந்துக்குப் போய்விட்டார்.

மாலையில் எல்லாவற்றையும் அணைத்த பிறகு, அந்த ஜம்பரை இன்னொரு முறை பார்க்கத் தோன்றியது. பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு மூடியைத் திறந்தேன்.